சேர் சாமுவேல் பேக்கரின் மந்தையும் மாத்தளையின் பட்டிகளும்

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதியில் மாத்தளை நகரைத் தாண்டி, நாலந்தை, நாவுல வழியாகத் தம்புள்ளையை அடைவதற்குள் ஒரே மாவட்டத்தினுள் இரண்டு நாடுகளைக் கண்டுவிடுகிறோம். ரத்தோட்டைப் பக்கத்து மலைச்சாரல்களில் மழையும் பசுமையும் குறைவில்லை. தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் ஒதுக்கிக் கட்டிய கொட்டில்களில் ஒன்றிரண்டு கறவைப் பசுக்கள் நிற்கின்றன. கொழுந்து பறித்துத் திரும்பும் பெண் தலையில் ஒரு புற்கட்டையும் சுமந்து வருகிறாள். வடக்கே இறங்கினால் காட்சி மாறுகிறது. கலேவெல, தம்புள்ளைப் பகுதிகளின் குளக்கரைகளில், வற்றிய நிலத்தின் காய்ந்த புல்லை நம்பி, சிற்றுடம்புள்ள நாட்டு மாடுகள் பட்டி பட்டியாக மேய்கின்றன. இந்த இரு நிலங்களுக்கும் ஏற்ற மாடு எது என்ற வினாவுக்கு நாம் இன்னும் முறையான விடை காணவில்லை.

விடை காணாமலேயே பெருந்தொகைப் பணத்தைச் செலவிட்டிருக்கிறோம் என்பதுதான் வேதனைக்குரியது. அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 20,000 கறவை மாடுகளைத் தருவிக்கும் திட்டத்தின் கீழ், 2017 ஆம் ஆண்டு தொடக்கம் முதற்கட்டமாக 5,000 மாடுகள் இலங்கையில் வந்திறங்கின. அவற்றைக் கடன்பட்டு வாங்கிய பண்ணையாளர்கள் பலர் நோயையும் இறப்பையும் எதிர்பார்த்த பால் கிடைக்காமையையும் கண்டு கலங்கினர். மாடு போன பின்னரும் கடன் நின்றது. இந்த அனுபவம் இத்தீவுக்குப் புதியதன்று. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆங்கிலேயர் இதே பாடத்தைத் தமது சொந்தப் பணத்தில் கற்றார். உலகம் அவரை நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்றவராக அறியும். நம்மவர்களோ ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சியின் பெயரால் மட்டும் அவரை அறிவர். சேர் சாமுவேல் வைட் பேக்கர் என்னும் அம்மனிதரின் வாழ்வை, அவர் வளர்க்க முயன்ற மந்தையின் வழியே நோக்குவது இன்று நமக்குப் பயன்தரும் எனக் கருதுகிறோம்.

பேக்கர் 1821 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் செல்வந்தரான வணிகர். ஜமெய்க்காவிலும் மொரீசியசிலும் குடும்பத்துக்குத் தோட்டங்கள் இருந்தன. 1843 இல் ஹென்றியெற்றா மார்ட்டின் என்பாரை மணந்த பேக்கர், குடும்பத் தோட்டத்தைக் கவனிக்க மொரீசியசுக்குச் சென்றார். கணக்குப் புத்தகங்களின் முன் அமர்ந்திருக்கும் வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. யானை வேட்டையின் ஆசை அவரை 1846 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு இழுத்துவந்தது. தாழ்நிலக் காடுகளில் வேட்டையாடித் திரிந்தவரைக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. உடல் தேறுவதற்காக நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள அந்தக் குளிர்ந்த பள்ளத்தாக்கில் இரண்டு வாரங்களில் நலம் பெற்றார். தம்மைக் குணமாக்கிய காலநிலை இங்கிலாந்தின் பயிரையும் கால்நடையையும் வாழவைக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் அவர் உள்ளத்தில் முளைத்தது. அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கிவிடுவது என்ற முடிவோடு தாயகம் திரும்பினார்.

அவர் அரசாங்கத்திடமிருந்து ஏக்கர் ஒன்று 20 சிலிங் விலையில் நிலம் வாங்கினார். அந்த நிலம் எவ்வாறு அரசாங்கத்தின் உடைமையாயிற்று என்பதை மாத்தளை மக்கள் நன்கறிவர். உரித்தை உறுதிப்படுத்தும் பத்திரமில்லாத காடுகளையும் சேனை நிலங்களையும் 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் அரசுக்கு உரியனவாக்கியது. அதன்மேல் புதிய வரிகளும் வந்து சேர்ந்தன. 1848 ஜூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டார். வீர புரன் அப்பு பிடிபட்டு ஓகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கடுத்த மாதம், அதாவது 1848 செப்டெம்பரில், ஏர்ல் ஒஃப் ஹார்ட்விக் என்னும் கப்பல் பேக்கரின் குடியேற்றக்காரர்களையும் கால்நடைகளையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. தீவின் நடுநாட்டில் ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்துக்காக உயிர்விட்ட ஆண்டும், மலைநாட்டில் ஆங்கிலப் பண்ணைக்காக மாடுகள் கப்பலேறிய ஆண்டும் ஒன்றே என்பதை மறந்துவிட்டு இக்கதையைச் சொல்லுதல் முறையாகாது.

கப்பலில் பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், ஏர் முதலிய கருவிகள், வேட்டை நாய்கள், உயர்குலக் குதிரை, மூன்று வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த செம்மறிக் கடாக்கள் ஆகியவற்றுடன் டர்ஹாம், ஹியர்போர்ட் கலப்பினப் பொலிகாளையும் டர்ஹாம் இனத்துப் பசுவும் இருந்தன. டர்ஹாம் மாடு என்பது ஷோர்ட்ஹோர்ன் எனப்படும் குறுங்கொம்பு மாடே. அக்காலத்தில் உலகிலேயே மிகவும் மதிக்கப்பட்ட இறைச்சி இனம் அது. வட இங்கிலாந்தின் டீஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொலிங் சகோதரர்கள் முதலியோர் அதனைச் செம்மைப்படுத்தினர். அவர்கள் வளர்த்த கொமெற் என்னும் காளை 1810 இல் 1,000 கினிக்கு விலைபோனது. 1822 இல் ஜோர்ஜ் கோட்ஸ் என்பவர் இவ்வினத்தின் காளைகளையும் பசுக்களையும் பெற்றோர் பெயருடன் பதிந்து ஒரு நூலாக வெளியிட்டார். மாட்டினத்துக்கென அச்சான முதல் இனப்பதிவேடு அதுவாகும்.

இவ்விடத்தில் இனப்பதிவேடு என்பதன் பொருளைச் சற்று விளக்குதல் வேண்டும். நமது வன்னியிலும் கிழக்கிலும் மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. அந்தக் குறி மாடு யாருடையது என்பதைச் சொல்லும். அதன் தாய் எது, தந்தை எது, தாய் எத்தனை கன்று ஈன்றது, எத்தனை கன்று பிழைத்தது என்பவற்றைச் சொல்லாது. இவற்றைச் சொல்வதே இனப்பதிவேடு. தலைமுறை தலைமுறையாகப் பதிவு தொடரும்போது எந்தக் கால்வழி நிலைக்கும், எது நிலைக்காது என்பது புலனாகும். ஆயினும் பதிவேடு ஒன்றை மட்டும் சொல்லாது. அது எழுதப்பட்ட நிலத்துக்கு வெளியே அந்த மாடு எப்படி வாழும் என்பதே அது. டீஸ் ஆற்றங்கரையின் புல்லையும் குளிரையும் நோய்களையும் தாங்கியதற்கான சான்றிதழுடன் வந்த மாடுகள்தாம் பேக்கரின் மாடுகள். இலங்கை மலைகளைப் பற்றி அச்சான்றிதழில் ஒரு வரியும் இருக்கவில்லை.

துன்பம் வழியிலேயே தொடங்கியது. கொழும்பிலிருந்து ரம்பொடைக் கணவாய் வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவது அக்காலத்தில் எளிய பயணமன்று. குடிப்பழக்கமுள்ள குதிரைக்காரன் ஒருவனால் வண்டி பள்ளத்தில் உருண்டது. வண்டியை மீட்க அனுப்பிய யானையையும் அவன் ஓய்வின்றி ஓட்டிச் சாகடித்தான். அரும்பாடுபட்டுக் கடல்கடந்து வந்த டர்ஹாம் பசு பயணக் களைப்பால் மடிந்தது. பண்ணை தொடங்கிய பின்னர் இன்னல்கள் பெருகின. உருளைக்கிழங்கைப் புழுக்கள் அரித்தன. ஓட்ஸ் பயிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் மேய்ந்து முடித்தன. மாட்டுக் கொள்ளைநோய் ஒன்று வந்து சில நாட்களுக்குள் 26 எருதுகளைக் கொண்டுபோயிற்று. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகள் ஐந்து முதல் ஆண்டிலேயே இறந்தன.

பேக்கர் மனந்தளரும் இயல்பினர் அல்லர். தமது பிழைகளை ஆராய்ந்தார். பசுமையாகக் காட்சியளித்த மலைப்புல்வெளி உண்மையில் சத்தற்ற மண் என்பதைக் கண்டார். எருவிட்டுப் பண்படுத்தினாலொழிய அங்கே பயிரோ தீவனமோ விளையாது என்பதை உணர்ந்தார். கால்நடையின் எருவால் மண்ணும், மண்ணின் விளைவால் கால்நடையும் வாழும் சுழற்சி நிலைபெறுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நுவரெலியாவின் குளிர் ஐரோப்பிய மாட்டுக்கு ஏற்றது என்ற அவரது கணிப்பு அடிப்படையில் தவறன்று. பின்னாளில் அம்பேவலைப் பண்ணை அதனை மெய்ப்பித்தது. ஆனால் காலநிலை ஒன்று மட்டுமே மாட்டை வாழவைக்கும் என நம்பியதே அவரது பிழை. தீவனம், நோய், தண்ணீர், பாதை, பார்த்துக்கொள்ளும் மனிதர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மாட்டின் சூழல்.

1855 இல் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிய பேக்கர், அதே ஆண்டில் தமது எட்டாண்டு இலங்கை வாழ்வைப் பற்றிய நூலை வெளியிட்டார். தோல்விகளை ஒளிக்காமல் எழுதியது அந்நூலின் சிறப்பு. எனினும் அவரது எழுத்தில் வேட்டைக்குக் கிடைத்த இடம் மந்தைக்குக் கிடைக்கவில்லை. அவர் இத்தீவில் கொன்றொழித்த யானைகளின் தொகையை இன்று நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. அவ்வாண்டின் இறுதியில் மனைவி ஹென்றியெற்றா காய்ச்சலால் இறந்தார். பெண் குழந்தைகளைச் சகோதரியின் பொறுப்பில் விட்டுப் பேக்கர் மீண்டும் அலையத் தொடங்கினார். 1859 இல் தன்யூப் நதிக்கரையிலுள்ள விடின் நகர அடிமைச் சந்தையில் புளோரன்ஸ் என்னும் இளம்பெண்ணை மீட்டார். பின்னாளில் அவருடைய மனைவியான அப்பெண், ஆபிரிக்கப் பயணங்களின் எல்லாத் துயரங்களிலும் உடனிருந்தார்.

1861 இல் எகிப்தை அடைந்த இருவரும் நைல் நதிவழியே தெற்கே சென்றனர். 1863 பெப்ரவரியில் கொண்டோகோரோவில் ஸ்பீக், கிராண்ட் ஆகிய பயணிகளைச் சந்தித்தனர். அவர்கள் காணாத ஓர் ஏரியைத் தேடி மேலும் உள்ளே நடந்தனர். இன்றைய தென் சூடானிலுள்ள லத்தூக்கா நாட்டில் பேக்கர் கண்ட காட்சி நமது கவனத்துக்குரியது. தரங்கொல்லே என்ற பேரூரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் உறுதியான மரவேலிகளுக்குள் அடைக்கப்பட்டன. பட்டியின் வாயில் ஒரு நேரத்தில் ஒரு மாடு மட்டுமே நுழையும் அகலத்தில் இருந்தது. வாயிலின் மேல்வளைவில் பனை இனத்து மரமொன்றின் காயோட்டினால் செய்த மணி தொங்கியது. மாலையில் திரும்பும் ஒவ்வொரு மாட்டின் கொம்போ முதுகோ அந்த மணியில் இடிக்கும். மணியோசையைக் கொண்டு இடையர் தம் மாடுகளை எண்ணிக்கொண்டனர். எழுத்தறியாத மக்களின் அன்றாடக் கணக்கு அது. நுவரெலியாவில் மந்தையைப் பறிகொடுத்த மனிதர் அந்த மணியோசையைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார் என எண்ணிப் பார்க்கிறோம்.

அதற்கடுத்த ஒப்போ நாட்டில் ஆபிரிக்கா தனது விதியை அவருக்கு நேரடியாகக் காட்டியது. கடித்தே கால்நடையைக் கொல்லும் ஈக்களும் மழைக்காலத்தின் ஈரமும் சேர்ந்து, அவர் கொண்டுசென்ற குதிரைகள், ஒட்டகங்கள், கழுதைகள் யாவற்றையும் மாய்த்தன. ஏறிச் செல்வதற்கு அவர் அந்த நாட்டின் எருதுகளையே வாங்க வேண்டியதாயிற்று. மூன்று எருதுகளுக்கும் சமையலறைப் பெயர்களை வைத்தார். மாட்டிறைச்சி, இறைச்சித் துண்டம், கொழுப்பு என்பன அப்பெயர்களின் பொருள். எருதுகளும் ஈக்கடிக்குத் தப்பவில்லை. ஆயினும் 1864 மார்ச் 14 ஆம் திகதி அல்பேர்ட் என்று தாம் பெயரிட்ட ஏரியை அவர் கண்ணுற்றபோது, அதுவரை அவரைச் சேர்த்தது வெளியிலிருந்து வந்த குதிரையன்று; உள்ளூர் எருதும் உள்ளூர் மனிதரின் கால்களுமே. அந்த ஏரியைக் கரைவாழ் மக்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1866 இல் சேர் பட்டம் பெற்ற பேக்கரை, எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் 1869 இல் நைலின் மேல்நிலங்களுக்கு ஆளுநராக்கினார். அடிமை வியாபாரத்தை ஒழிப்பதும் அந்நிலங்களை எகிப்தோடு இணைப்பதும் அவருக்கு இடப்பட்ட பணிகள். முதலாவது பணியில் அவர் காட்டிய உறுதி பாராட்டுக்குரியது. இரண்டாவது பணி அவரை வேறு வழியில் தள்ளியது. கொண்டோகோரோவில் படையினருக்கு உணவு தேவைப்பட்டது. பாரி இனத்தவர் தமது மாடுகளை விற்க மறுத்தனர். அவர்களுக்கு மாடு விற்பனைப் பொருளன்று. மணமகள் பரிசமும் குடும்பத்தின் மானமும் பஞ்சகாலத்தின் காப்பும் அதுவே. பேக்கரின் படை அம்மாடுகளைப் பலவந்தமாகக் கைப்பற்றியது. சொந்த மந்தையின் இழப்பை அறிந்தவர் பிறர் மந்தையின் அருமையை உணரவில்லை. 1873 இல் அவரது பதவிக்காலம் முடிந்தது. எஞ்சிய வாழ்வைப் பயணத்திலும் எழுத்திலும் கழித்த பேக்கர், 1893 டிசம்பர் 30 ஆம் திகதி டெவன் மாநிலத்திலுள்ள தமது இல்லத்தில் காலமானார்.

பேக்கர் கண்களால் கண்டும் சேர்த்துப் பார்க்காத இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, இங்கிலாந்தின் பதிவேடு. மற்றொன்று, அந்தந்த மண்ணில் நின்று நிலைத்த மாடு. இவ்விரண்டையும் இணைத்த பெருமை, அவர் இறந்து அரை நூற்றாண்டு செல்வதற்குள், தென்னாபிரிக்க விஞ்ஞானி யான் பொன்ஸ்மாவைச் சேர்ந்தது. நாட்டின் வடபகுதியிலுள்ள மாரா, மெசினா ஆகிய ஆராய்ச்சி நிலையங்களில் 1937 இல் தொடங்கிய அப்பணி, வெயிலில் நிற்கும் மாட்டின் உடல் வெப்பத்தையும் மூச்சின் வேகத்தையும் அளப்பதிலிருந்து ஆரம்பித்தது. பிரித்தானிய மாடுகள் வெப்பத்தால் மூச்சிரைத்தன, மேய்ச்சலை விட்டு நிழலில் ஒதுங்கின, இளைத்தன. கொய்கொய் இடையர் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே வளர்த்துவந்த மந்தைகளின் வழிவந்த ஆபிரிக்கானர் மாடுகளோ அதே வெயிலில் மேய்ந்தன. குட்டையான, வழவழப்பான மயிருள்ள மாடு வெப்பத்தைத் தாங்கியது; உண்ணிகளும் அதில் குறைவாகவே ஒட்டின.

பல ஆண்டுகள் கலந்தும் கழித்தும் எட்டில் ஐந்து பங்கு ஆபிரிக்கானர் குருதியும், எட்டில் மூன்று பங்கு ஹியர்போர்ட், ஷோர்ட்ஹோர்ன் குருதியும் கொண்ட ஓர் இனத்தை அவர் நிலைநிறுத்தினார். அவர் பெயரும் மாராவின் பெயரும் இணைந்து அது பொன்ஸ்மாரா ஆயிற்று. பேக்கரின் காளையினது இனம் இங்கே சிறுபங்காக நின்று பயன்தந்தமை கவனிக்கத்தக்கது. 1964 இல் இவ்வினத்துக்கான வளர்ப்போர் சங்கம் அமைந்தது. அழகைப் பார்த்து மாட்டைப் பதிவுசெய்யும் பழைய முறையை அச்சங்கம் ஏற்கவில்லை. எடை, வளர்ச்சி, கன்று ஈனும் ஒழுங்கு ஆகியவற்றின் கணக்கைக் கட்டாயமாக்கியது. ஒழுங்காகக் கன்று ஈனாத பசு எவ்வளவு அழகாயினும் மந்தையில் இடம்பெறலாகாது என்பது பொன்ஸ்மாவின் கொள்கை. கென்யாவிலும் இவ்வாறே உள்ளூர் இடையரின் திமிலுள்ள போரான் மாடுகள் தெரிந்தெடுக்கப்பட்டுப் பதிவுபெற்ற இனமாக உயர்ந்தன.

ஆபிரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். போரான் மாட்டின் திமில் எங்கிருந்து சென்றது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். திமிலுள்ள மாட்டை முதன்முதலில் பழக்கியது நமது தெற்காசிய நிலம். கடல்வழி வணிகத்தோடு அது ஆபிரிக்காவுக்குச் சென்றது. எதிர்த்திசையில், மாத்தளை வீதியோரங்களில் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் கினிப்புல் ஆபிரிக்காவிலிருந்து நம்மிடம் வந்தது. வெப்பத்தையும் வறட்சியையும் உண்ணியையும் தாங்கும் மாடு என்பது ஆபிரிக்காவின் தேவை மட்டுமன்று. தம்புள்ளையின் தேவையும் அதுவே.

நாட்டு மாடு பால் தராது, இறைச்சியும் போதாது என்பது வழக்கமான ஆட்சேபம். அது பொய்யன்று. நமது மாடுகள் உருவில் சிறியவை; கறவையில் குறைந்தவை. ஆனால் அதே மாடு செலவின்றிக் கோடையைக் கடக்கிறது. மருத்துவரைக் காணாமலே கன்று ஈனுகிறது. இக்குணங்களை எந்தக் கப்பலிலும் ஏற்றி வரவியலாது. பாலைக் கலப்பினால் கூட்டலாம். தாங்கும் ஆற்றலை இழந்துவிட்டால் மீட்பது கடினம். மலைச்சாரலின் கொட்டில் பசுவுக்கு ஐரோப்பியக் குருதி ஓரளவு ஏற்கும். சமவெளியின் பட்டிக்கு அதே அளவு ஏற்காது. எந்த நிலத்துக்கு எந்த அளவு என்பதை ஊகத்தால் தீர்மானிக்க முடியாது, ஏடுதான் சொல்லும். ஆனால் ஏடு நம்மிடம் இல்லை. அயலிலுள்ள பொலன்னறுவையின் தமன்கடுவை வெண்மாடு போன்ற வகைகள் பெயரளவில் அறியப்பட்டிருந்தும், கண்டபடி நடந்த கலப்பினால் தம் தனித்தன்மையை இழந்துவருகின்றன.

மாத்தளை மாவட்டத்தில் இப்பணியைத் தொடங்குவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. மாட்டின் காதில் ஓர் இலக்கம், கையில் ஒரு கொப்பி, மாதந்தோறும் வந்து பார்க்கும் கால்நடை உத்தியோகத்தர் ஒருவர் ஆகியவை ஆரம்பத்துக்குப் போதும். எந்தப் பசு ஆண்டுதோறும் ஈன்றது, எந்தக் கன்று கோடையில் நின்றது, எந்தக் காளையின் கன்றுகள் விரைந்து வளர்ந்தன என்று பத்து ஆண்டுகள் எழுதினால், விலை கொடுத்து எங்கும் வாங்க முடியாத அறிவு நம் கையிலிருக்கும். அந்த ஏட்டின் பயன் பண்ணை முதலாளிகளோடு நின்றுவிடாமல், குளக்கரைப் பட்டிக்காரருக்கும் லயத்தில் ஒற்றைப் பசு வளர்க்கும் தொழிலாளிக்கும் உரியதாக அமைய வேண்டும். அவர்கள் சொல்லாமல் அதில் எழுதுவதற்கு எதுவும் இராது.

பேக்கருக்குத் துணிவு இருந்தது, பணம் இருந்தது, மாட்டினத்துக்கான முதல் இனப்பதிவேடு பெற்ற இனத்தின் குருதி கொண்ட காளையும் இருந்தது. அவருக்கு இல்லாதிருந்தது அந்த மண்ணின் மாட்டைப் பற்றிய அறிவு. அந்த அறிவு அவரைச் சுற்றியிருந்த மக்களிடம் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. இறந்த 26 எருதுகளுக்கான விலையை அவரே செலுத்தினார். நாம் தருவித்த மாடுகளின் விலையையோ கடன்பட்ட எளிய பண்ணையாளர் செலுத்தினர். அடுத்த கப்பலுக்குக் கட்டளை இடுவதற்கு முன்னர், தம்புள்ளைக் குளக்கரையில் மாலையில் திரும்பும் பட்டியை ஒருமுறை நின்று எண்ணிப் பார்ப்பது நன்று.